பெரிய ஸ்கூட்டருக்குப் பெரிய விலை: கொடுக்கும் பணத்துக்குப் பெறுமதி உண்டா?

இந்தப் பகுதியில் வழமையாகக் கடன் கொப்பி, காசோலை, சரக்குக் கையிருப்பு போன்ற விடயங்களையே எழுதி வருகின்றேன். இம்முறை ஒரு வாகனத்தை எடுத்துக் கொள்கின்றேன். லொறியோ வேனோ அல்ல, ஸ்கூட்டர். நமது ஊர்களில் ஸ்கூட்டி என்று பொதுவாக அழைக்கின்ற 110 சி.சி. வண்டியுமல்ல. முன்னால் உயர்ந்த கண்ணாடி, கார் இருக்கை போன்ற அகன்ற இருக்கை, 300 சி.சி. முதல் 750 சி.சி. வரை எஞ்சின், விலையோ சில நாடுகளில் ஒரு சிறிய காரின் விலை. ஐரோப்பாவில் இவற்றை மெக்ஸி ஸ்கூட்டர் என்பார்கள்.

இந்த வண்டி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். இறக்குமதிக் கதவு திறந்த பின்னர் இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் இளம் வியாபாரிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பொருளின் விலைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. விலை வேறு, பெறுமதி வேறு என்பதை வாடிக்கையாளருக்கு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுக்கும் நாமே, நமக்கென்று ஒன்றை வாங்கப் போகும்போது இரண்டையும் ஒன்றாக்கி விடுகின்றோம்.

பிறந்த இடம்

இந்த வண்டிகள் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். சுசுக்கி நிறுவனம் 1998இல் பர்க்மன் வரிசையைத் தொடங்கியது. யமஹாவின் டி-மெக்ஸ் 2001இல் 499 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. 2002இல் சுசுக்கி ஒரு படி மேலே போய் 638 சி.சி. பர்க்மனைக் கொண்டு வந்தது. ஜப்பானிய நிறுவனங்களின் தயாரிப்புகளாக இருந்தாலும் இவற்றின் பிரதான சந்தை இத்தாலியும் பிரான்ஸும் ஸ்பெயினும்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் மிலான் நகரில் நண்பரொருவரின் பர்க்மன் 400இன் பின்னிருக்கையில் அமர்ந்து போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. குளிர்காலம். அவர் வேலை செய்யும் இடம் நகரத்துக்கு வெளியே. வீட்டிலிருந்து இறங்கி நகரைச் சுற்றிச் செல்லும் அதிவேகப் பாதையில் ஏறி, லொறிகளுக்கு நடுவே அரை மணித்தியாலம் ஓடித்தான் போக வேண்டும். காலுக்கு மேல் போர்வை போன்ற ஒரு மறைப்பைக் கட்டிக் கொண்டு, கோட்டும் டையுமாகப் பலர் அப்படிப் போவதைப் பார்த்தேன். இத்தாலியில் 150 சி.சி.க்குக் குறைந்த வண்டிகள் அந்த அதிவேகப் பாதைகளில் ஏறவே முடியாது என்று நீண்டகாலமாகச் சட்டம் இருந்தது. 2024 இறுதியில்தான் 125 சி.சி. வண்டிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. ஆகவே அந்த மனிதருக்குப் பெரிய எஞ்சின் என்பது ஆடம்பரமல்ல, வேலைக்குப் போகும் பாதையின் நுழைவுச்சீட்டு.

சட்டம் எப்படி விலையாக மாறுகிறது என்பதற்கு இன்னுமோர் உதாரணம் பியாஜியோவின் எம்.பி.3. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 2006இல் வந்தது. பின்னர் முன்சக்கரங்களுக்கிடையிலான அகலத்தைக் கூட்டி ஒரு வகையை வெளியிட்டார்கள். ஐரோப்பிய விதிகளின்படி அந்த அகலமுள்ள வண்டி முச்சக்கர வாகனமாகக் கணிக்கப்படுவதால், பல நாடுகளில் கார் அனுமதிப்பத்திரத்தோடேயே ஓட்டலாம். பாரிஸில் இந்த வண்டி பெருகியதற்கு இதுவே முக்கிய காரணம். மோட்டார் சைக்கிள் பரீட்சைக்குப் போக நேரமில்லாத நிர்வாகிகள் கூடுதல் விலையைக் கொடுத்து அந்தப் பரீட்சையைத் தவிர்த்துக் கொண்டார்கள். இரும்புக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் கொடுத்த விலையல்ல அது.

நமது நாட்டுக்கு வருவோம். தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. 2013இல் கட்டுநாயக்கப் பாதை வந்தது. இவை எதிலும் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை, 110 சி.சி.க்கும் இல்லை, 560 சி.சி.க்கும் இல்லை. இந்தியாவிலும் மும்பை - பூனே அதிவேகப் பாதையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. பெங்களூர் - மைசூர் பாதையில் 2023 ஓகஸ்ட் முதல் தடை. எந்தப் பாதைக்காக இந்த வண்டி வடிவமைக்கப்பட்டதோ அந்தப் பாதை நமக்கு மூடியிருக்கிறது. மிலானில் பணத்துக்குப் பெறுமதியாக இருப்பது மருதானையில் அப்படி இருக்கத் தேவையில்லை என்பதை இங்கேயே குறித்துக் கொள்ளுங்கள்.

இயந்திரத்தில் என்ன இருக்கிறது?

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாக வியாபாரம் செய்பவர்களோடு பல வருடங்கள் பழகியதில் சில விடயங்கள் காதில் விழுந்து தங்கிவிட்டன.

சாதாரண ஸ்கூட்டரில் எஞ்சினும் பெல்ட்டும் பின்சக்கரமும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் எஞ்சினும் கூடவே ஏறி இறங்கும். மலிவான அமைப்பு, பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் வேகமாக ஓடும்போது அந்தப் பாரம் சக்கரத்தை வீதியிலிருந்து தூக்கப் பார்க்கும். டி-மெக்ஸில் எஞ்சினை மோட்டார் சைக்கிளைப் போல சட்டத்திலேயே பூட்டினார்கள், சக்கரம் மட்டும் தனியாக அசையும். வளைவிலும் வேகத்திலும் அதன் நிதானத்துக்கு இதுதான் காரணம். இதற்குச் செலவாகும் பணம் நியாயமான பணம். 2020 முதல் அதன் எஞ்சின் 562 சி.சி., வலு ஏறக்குறைய 47 குதிரைவலு, ஐரோப்பாவில் விலை 12,000 யூரோவுக்கு மேல்.

ஆனால் விலை கூடிய எல்லா வண்டியிலும் இப்படி இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் சி 400 ஜி.டி. என்ற வண்டியைப் பாருங்கள். 350 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், 34 குதிரைவலு. அதில் எஞ்சின் பின்சக்கரத்தோடு சேர்ந்தே அசைகிறது, நமது சின்ன ஸ்கூட்டரில் உள்ள அதே ஒழுங்குதான். ஜேர்மனியின் பெயர் ஒட்டியிருந்தாலும் அதை உற்பத்தி செய்வது சீனாவின் லொன்சின் நிறுவனம். இதில் தவறொன்றும் இல்லை. சீனாவில் நல்ல பொருளும் செய்கிறார்கள் என்பது சீனாவிலிருந்து கொள்கலன் இறக்கும் நமது வியாபாரிகளுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனால் "ஜேர்மன் வண்டி, அதுதான் இந்த விலை" என்று ஒருவர் சொன்னால் அந்தக் காரணத்தை அப்படியே ஏற்றுக் கொள்ளத் தேவையில்லை.

இதே வண்டியில் இன்னொரு விடயம் வியாபாரியின் கண்ணுக்குப் படவேண்டியது. இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியின் அடித்தட்டை இறக்கிப் பெரிதாக்கலாம், ஹெல்மட் வைக்கலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அடித்தட்டு இறங்குவது பின்சக்கரத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில். ஆகவே வண்டி நிற்கும்போது மட்டுமே அந்த இடம் கிடைக்கும், பெட்டி விரிந்திருக்கும்போது எஞ்சின் இயங்காது. கடைக்குச் சாமான் கொண்டு வர நினைப்பவருக்கு இந்த வசதியால் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை. சுசுக்கியின் பெரிய பர்க்மனில் 50 லீற்றர் அளவு பெட்டி நிரந்தரமாகவே இருந்தது. வசதி என்று எழுதியிருப்பதையெல்லாம் உங்கள் வேலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது வசதியா இல்லையா என்று தெரியும்.

டி-மெக்ஸின் உயர்ரக மாதிரியில் கைபிடியும் இருக்கையும் மின்சாரத்தில் சூடாகும். கொழும்பில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்திய எந்தக் கறுப்பு இருக்கையும் அந்த வேலையை இலவசமாகவே செய்துவிடும்.

பத்து இலட்சம் இந்திய ரூபாவின் கணக்கு

இப்போது விலையைப் பிரித்துப் பார்ப்போம். நமக்கு அருகிலுள்ள பெரிய சந்தை இந்தியா என்பதால் அங்குள்ள கணக்கை எடுக்கின்றேன். சி 400 ஜி.டி. 2021 ஒக்டோபரில் இந்தியாவில் அறிமுகமானபோது காட்சியறை விலை 9 இலட்சத்து 95 ஆயிரம் இந்திய ரூபா. அக்காலத்தில் ஹோண்டா ஆக்டிவா ஒன்று சுமார் 70,000. ஏறத்தாழ 14 மடங்கு.

14 மடங்கு விலைக்கு எத்தனை மடங்கு வண்டி கிடைத்தது? வலுவில் நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். எடையில் இரண்டு மடங்கு, ஒன்று சுமார் 107 கிலோ, மற்றது 214 கிலோ. எடை கூடுவது இலாபமா நட்டமா என்பது தனி விடயம், வீட்டு வாசலில் இருக்கும் படியில் ஏற்றிப் பார்த்தால் தெரியும். பெற்றோலில் வண்டி சிறியதைவிடப் பின்தங்கியே நிற்கிறது, 100 கிலோமீற்றருக்கு 3.5 லீற்றர் என்று நிறுவனமே சொல்கிறது.

மிகுதி எங்கே போயிற்று? பெரும்பகுதி வரியில். அந்த நேரத்தில் முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் மோட்டார் சைக்கிளுக்கு இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரி 50 வீதம். அதன் மேல் 28 வீதம் ஜி.எஸ்.டி. துறைமுகத்துக்கு 100 ரூபாவுக்கு வந்த பொருள் சுங்கத்தில் 150 ஆகிறது, ஜி.எஸ்.டி.யோடு 192 ஆகிறது. விற்பனையாளரின் இலாபமும் ஏனைய சில்லறை அறவீடுகளும் இன்னும் சேரவில்லை. ஆக, வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு அண்மித்த தொகை அரசாங்கத்துக்கு. அந்தப் பாதி பிரேக் பிடிக்காது, பாரம் சுமக்காது.

நமது நாட்டின் வரிக்கட்டமைப்பு வேறு. அதன் வீதங்கள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறும், ஆகவே அதற்குள் போகவில்லை. ஆனால் எந்த நாடாயினும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் கொடுக்கும் தொகையில் வண்டிக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?

அதே 2021இல், செப்டெம்பரில், யமஹா ஏரொக்ஸ் 155 இந்தியாவில் 1 இலட்சத்து 29 ஆயிரம் ரூபாவுக்கு வந்தது. 15 குதிரைவலு, 14 அங்குலச் சக்கரம், முன்சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். பிரேக், இருக்கைக்குக் கீழே 24.5 லீற்றர் இடம். ஆக்டிவாவில் அப்போது இருந்தவை முன்னால் 12 அங்குலமும் பின்னால் 10 அங்குலமுமான சக்கரங்கள், ட்ரம் பிரேக். ஏறக்குறைய 60,000 ரூபாவைக் கூடுதலாகக் கொடுத்தவருக்கு வலு இரு மடங்கு, பள்ளத்தில் விழாத சக்கரம், மழையில் வழுக்காத பிரேக் எல்லாம் கிடைத்தன. அதற்கு மேல் எட்டரை இலட்சம் கொடுத்தவருக்குக் கிடைத்தது அந்த அளவுக்குப் பெரிய மாற்றமல்ல. விலை ஏறஏற, கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது குறைந்து கொண்டே போகிறது. துணியிலும் இப்படித்தான், கைத்தொலைபேசியிலும் இப்படித்தான். எந்தப் படியில் பணத்துக்கு அதிகம் கிடைக்கிறதோ அந்தப் படியைக் கண்டுபிடிப்பதுதான் வாங்குபவரின் கெட்டித்தனம். ஸ்கூட்டரில் அது 150 சி.சி. - 160 சி.சி. படி என்பது எனது அபிப்பிராயம்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் நான் கஞ்சத்தனமாகப் பேசமாட்டேன். ஐரோப்பாவில் 2016 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 2018 - 2019இல் அவ்வாறே செய்தார்கள். மழையில் நனைந்த வீதியில், முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கும்போது, அந்தப் பிரேக்குக்காகக் கொடுத்த பணத்தை யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதைப் பெறுவதற்குப் பத்து இலட்சம் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் மேலே கண்டோம்.

கடையின் பணமா, கையின் பணமா?

அண்மையில் கைத்தொலைபேசி உதிரிப்பாக வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவர் இது பற்றி என்னோடு பேச வந்தார். பெரிய ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அவரிடம் இருக்கும் சின்ன ஸ்கூட்டருக்கும் அதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் 20 இலட்சம் ரூபா.

"நானா, வாடிக்கையாளர் முன்னால போய் இறங்கும்போது ஒரு மரியாதை இருக்கும்தானே. அதுவும் முதலீடுதான்" என்றார்.

அவருடைய வாடிக்கையாளர்கள் யாரென்று கேட்டேன். வெளியூர்களில் சிறிய பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் தொலைபேசியில் ஓடர் கொடுத்து, பஸ்ஸில் பார்சல் போட்டு எடுப்பவர்கள். இவர் எதில் வந்து இறங்குகிறார் என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை. "பார்த்தால் மட்டும் என்ன நினைப்பார்கள் தம்பி? நம்மிடம் வைக்கும் இலாபம் கூடிப்போச்சு என்று நினைக்கமாட்டார்களா?" என்றேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

பிறகு கொப்பியை எடுத்தோம். அவருடைய சரக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் செலவெல்லாம் போக நூற்றுக்கு ஐந்து ரூபா மிஞ்சுகிறது. 20 இலட்சம் கடைக்குள் இருந்தால் ஒரு சுழற்சிக்கு ஒரு இலட்சம், வருடத்துக்கு ஆறு இலட்சம், மாதத்துக்கு 50,000. அந்த ஸ்கூட்டர் நின்ற இடத்தில் நின்று கொண்டே மாதம் 50,000 ரூபாவைச் சாப்பிடும். பெற்றோலும் டயரும் சேர்விஸும் அதற்கு மேல். ஐந்து வருடம் கழித்து விற்கும்போது விலை இறங்கும் தொகை அதற்கும் மேல்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரலாம். பணத்தைப் போட்டால் மட்டும் வியாபாரம் கூடிவிடுமா, விற்பதற்கு ஆள் வேண்டாமா? சரியான கேள்வி. விற்பனை கூடாத கடையில் மேலதிகமாகப் போட்ட பணம் தட்டில் தூசு பிடிக்கும். ஆனால் இவருடைய நிலைமை அதுவல்ல. இவர் மொத்த வியாபாரிகளிடம் 60 நாள் காசோலை கொடுத்துச் சரக்கு எடுக்கிறார். காசுக்கு எடுத்தால் விலையில் குறைத்துத் தருவார்கள் என்பது அவருக்கே தெரியும். கடந்த வருடம் இரண்டு முறை காசோலைத் திகதி நெருங்கியபோது நகையை அடகு வைத்துச் சமாளித்திருக்கிறார், அது மனைவியின் நகை. அப்படியிருக்கையில் கையில் வந்த 20 இலட்சம் உண்மையில் அவருடைய பணமா, வரப்போகும் காசோலைகளின் பணமா?

மாதத் தவணையில் எடுத்தால் என்ன என்று கேட்டார். லீசிங் என்றாலும் இஜாரா என்றாலும், ஒப்பந்தத்தின் தன்மை வேறுபடலாமே தவிர, ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை குறித்த திகதியில் கடையை விட்டு வெளியே போகும் என்பதில் வித்தியாசமில்லை. வியாபாரம் மந்தமான மாதத்தில் தவணைக்கு மந்தம் கிடையாது.

நான் அவரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசைக்காக ஒன்றை வாங்குவது குற்றமல்ல. நன்றாகச் செய்யப்பட்ட ஒரு வண்டியை ஓட்டுவதில் இன்பம் இருக்கிறது, அதற்கு விலை கொடுக்கும் உரிமையும் உழைத்தவனுக்கு இருக்கிறது. எனது வேண்டுகோள் ஒன்றே: அந்த ஆசையைக் கடைக் கணக்கில் எழுத வேண்டாம். இலாபத்தில் உங்கள் பங்கு என்று எடுத்த பணம் சேர்ந்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். கடையின் சுழற்சிப் பணத்தில் கைவைத்து, அதற்கு "முதலீடு" என்று பெயர் வைப்பதைத்தான் நான் எதிர்க்கின்றேன். முதலீடு என்றால் அது எவ்வளவு திருப்பித் தரும், எப்போது தரும் என்று ஒரு தாளில் எழுதத் தெரிய வேண்டும்.

சிலருக்கு இந்தத் தாள் வேறு விடையைத் தரும் என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் 100, 120 கிலோமீற்றர் ஓடி ஓடர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவருக்குச் சின்ன ஸ்கூட்டர் முதுகை உடைக்கும். மாலையில் வீடு வந்தால் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். அவருக்குப் பெரிய சக்கரமும் நல்ல சஸ்பென்ஷனும் காற்றைத் தடுக்கும் கண்ணாடியும் உழைக்கும் சாமான்கள். அவரிடம்கூட 155 சி.சி. வண்டியிலிருந்து பாருங்கள் என்றே சொல்வேன். 300 சி.சி. வரை போனாலும் காரணம் காட்டலாம். 500, 600 என்று போவதற்கு நமது வீதியில் எனக்குக் காரணம் தெரியவில்லை.

நாலு லீற்றர்

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். எஞ்சின் பெரிதா சிறிதா என்று அந்த அட்டை பார்க்கவில்லை. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் சின்ன ஸ்கூட்டர் அந்த நான்கு லீற்றரில் 180 கிலோமீற்றர் போனது. நிறுவனம் சொல்லும் கணக்கின்படி சி 400 ஜி.டி. சுமார் 114 கிலோமீற்றர் போகும். 100 கிலோமீற்றருக்கு 4.8 லீற்றர் குடிக்கும் டி-மெக்ஸ் 83 கிலோமீற்றரோடு நின்றுவிடும். ஒரு வாரத்துக்கு 83 கிலோமீற்றர் என்றால், தெஹிவளையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்வரும் ஒருவருக்கு நாலு நாளைக்குக்கூடப் போதாது. அந்த ஒதுக்கீட்டு முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அப்படியொரு காலம் வந்தது என்பதை வாகனம் வாங்கும் எந்த வியாபாரியும் கணக்கில் ஒரு வரியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதே காலம் இன்னொரு தவறான பாடத்தையும் நம்மில் பலருக்குக் கற்பித்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்படும் வரை, ஓடித் தேய்ந்த ஸ்கூட்டரும் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறியது. "வாகனம் என்றால் தங்கம் மாதிரி, விலை ஏறும்" என்று அப்போது ஒரு பேச்சு பரவியது. ஏறியது வாகனத்தின் பெறுமதியல்ல, பூட்டிய கதவின் பெறுமதி. தட்டுப்பாட்டில் சீனி விற்ற இலாபத்தை வைத்து அடுத்த வருடத்துக்கும் சேர்த்துச் சீனி அடுக்கும் வியாபாரி உண்டா? வாகனத்தை மட்டும் ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்?

விற்கும்போது விலை நிற்குமா என்பது அந்த மாதிரி சந்தையில் தொடர்ந்து இருக்குமா என்பதைப் பொறுத்தது. இந்த விடயத்தில் பெரிய ஸ்கூட்டர்களின் வரலாறு அவ்வளவு ஆறுதலானதல்ல. கிலேரா ஜி.பி. 800 என்று 2007இல் 839 சி.சி. அசுரன் ஒன்று வந்தது. 2012இல் அதே வண்டி அப்ரிலியா எஸ்.ஆர்.வி. 850 என்று பெயர் மாறியது, பின்னர் அதுவும் இல்லை. பி.எம்.டபிள்யூ. 2012இல் கொண்டு வந்த 650 சி.சி. வகைகள் நிறுத்தப்பட்டன. சுசுக்கியின் 638 சி.சி. பர்க்மனும் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் கைனெட்டிக் நிறுவனம் 2006இல் 165 சி.சி. பிளேஸ் ஸ்கூட்டரைப் பெரிய எதிர்பார்ப்போடு இறக்கியது. இரண்டு வருடத்தில், 2008இல், அந்நிறுவனத்தின் இருசக்கர வாகனப் பிரிவே மஹிந்திராவின் கைக்குப் போய்விட்டது. இப்படி நிறுத்தப்பட்ட வண்டியை வைத்திருப்பவர் பார்ட்ஸுக்கு அலையும் அலைச்சலைப் பஞ்சிகாவத்தையில் உள்ளவர்களிடம் கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே பெயரில் நின்று பிடித்திருப்பவை டி-மெக்ஸும் பர்க்மன் 400உம் போன்ற சிலதான். அதனாலேயே ஐரோப்பாவில் டி-மெக்ஸ் பழையதற்கும் நல்ல விலை, அதனாலேயே திருடர்களுக்கும் அதன் மேல் கண்.

சந்தையில் நிற்கும் நிறுவனங்களும் விலையை இறக்கியபாடில்லை. 2024 ஜூலையில் பி.எம்.டபிள்யூ.வின் சி.ஈ. 04 மின்சார ஸ்கூட்டர் இந்தியாவில் 14 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு வந்தது, ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம் சுமார் 130 கிலோமீற்றர். 2025 மே மாதத்தில் ஹோண்டாவின் 745 சி.சி. எக்ஸ்-ஏ.டி.வி. 11 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு வந்தது. விற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 2018இல் சுசுக்கி பர்க்மன் ஸ்ட்ரீட் என்ற 125 சி.சி. ஸ்கூட்டரை இந்தியாவில் 68,000 ரூபாவுக்கு விட்டது. உள்ளே சாதாரண எஞ்சின், வெளியே பெரிய பர்க்மனின் முகம், அந்தப் பெயர். அது நன்றாக விற்பனையானது. ஐரோப்பாவில் பெரிய வண்டி சம்பாதித்த பெயரை இந்தியாவில் சின்ன வண்டியில் ஒட்டிக் காசாக்கினார்கள். கண்ணாடி அலுமாரியில் விலைகூடிய ஒரு பொருளை வைத்து, அதன் பக்கத்தில் இருப்பதை விற்கத் தெரிந்த நமது கடைக்காரர்களுக்கு இது புரியாத வித்தையல்ல. நாம் வாங்கப் போகும்போதும் அதே வித்தை நம்மீது நடக்கிறது என்பதுதான் மறந்து போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் பழைய பெரிய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கத் தீர்மானித்தால், வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னர் உதிரிப்பாகக் கடைக்குப் போகட்டும். பெல்ட், ரோலர், பிரேக் பேட், டயர் ஆகிய நான்கின் விலையையும் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். பெல்ட்டை எத்தனை கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டுமென்று அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். மீற்றரில் ஓடியிருக்கும் தூரத்தோடு அதை ஒப்பிட்டு, கடைசியாக மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக் கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசலாம். டயர் விடயம் இன்னும் முக்கியம். பழைய டியோவின் 90/100-10 டயர் சந்திக்குச் சந்தி கிடைக்கும். டி-மெக்ஸின் பின்டயர் 160/60-15. அந்த அளவு இரண்டு கடைகளிலாவது கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு வண்டிக்காரருக்குத் தொலைபேசி எடுக்கலாம்.